கொசுப் பெருக்கமும் பூட்டிய வீடுகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். காரைக்குடியின் பழைய வீட்டுத் தெருக்களில் கொசு ஏன் சில மாதங்களில் பெருகிச் சில மாதங்களில் குறைகிறது என்பதைக் கவனித்து அறிக்கை தரும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால், இவ்வறிக்கையை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

மழை பெய்தால் கொசு வரும், வெயில் அடித்தால் போய்விடும் என்ற எண்ணத்துடன்தான் நாங்கள் தொடங்கினோம். அது பாதிதான் சரி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள். தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்த பின்னும் அவை பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கின்றன. நல்ல வெப்பமிருந்தால், பொரித்த புழு கூட்டுப்புழுவாகிப் பறக்கும் கொசுவாக 8 முதல் 10 நாட்களே போதும். கோடை மழை ஒன்று பெய்த இரண்டாம் வாரத்தில் தெருவே கொசுவாக இருப்பதன் காரணம் இதுதான்: சென்ற கார்த்திகையில் இட்ட முட்டை சித்திரையில் பொரிக்கிறது.

இங்கேதான் நம் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தில் விழ, அதைப் பிடிக்க முன்னோர் வைத்த அண்டாக்களும் கல்தொட்டிகளும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. பின்கட்டில் போட்டுவைத்த ஆட்டுக்கல்லின் குழியிலும் தண்ணீர் நிற்கிறது. ஆள் இருக்கும் வீட்டில் யாராவது கவிழ்த்துவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீடோ பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பொது. சாவி வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளியிடம். கதவு திறப்பது கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோதான். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. ஆகவே பூட்டிய ஒரு வீட்டில் பெருகும் கொசு அந்தத் தெருவைத்தான் கடிக்கிறது.

மழை குறைந்த காலத்திலும் நாம் தப்பவில்லை. குழாய்த் தண்ணீர் நாள்விட்டு வந்ததால் டிரம்களிலும் தொட்டிகளிலும் சேமித்தோம். மூடி சரியாக இல்லாத ஒவ்வொன்றும் ஏடிஸுக்கு இடமாயிற்று. மாறாக, ஐப்பசி அடைமழை பாத்திரங்களை நிரம்பி வழியச் செய்து புழுக்களை அடித்துச் சென்றது. மழை விட்டுவிட்டுப் பெய்த வாரங்களே மோசமானவை. சாக்கடையிலும் மூடி உடைந்த கழிவுநீர்த் தொட்டியிலும் வளரும் கியூலெக்ஸ் கொசு இதற்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. மழை ஓய்ந்து சாக்கடை தேங்கும் தை, மாசியில் அது ஏறுகிறது.

எங்கள் தவறு ஒன்றையும் பதிவு செய்கிறேன். தொட்டித் தண்ணீரைப் பாதி மட்டும் இறைத்துவிட்டுப் பணி முடிந்தது என்றிருந்தோம். புழுக்கள் நெருக்கியடித்திருக்கும்போது தீனி போதாமல் பல இறக்கின்றன, மிஞ்சியவை சிறுத்த கொசுக்களாகின்றன. கூட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் எஞ்சியவை நன்றாகத் தின்று கொழுத்து வெளிவரும். அரைகுறை வேலையால் சில இடங்களில் நாங்களே அவற்றுக்கு உதவியிருக்கக் கூடும் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். புகை மருந்துக்காக நானே மூன்று மனுக்கள் எழுதினேன். அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும் என்பதையும், முட்டையும் புழுவும் அப்படியே இருந்து சில நாட்களில் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதையும் இப்போது உணர்ந்திருக்கிறேன்.

ஊருணியை மூடிவிட வேண்டுமென்று வந்த கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. ஏடிஸ் அங்கே வளர்வதில்லை. மற்றக் கொசுக்களின் புழுக்களை மீனும் தட்டான் குஞ்சும் தின்றுவிடுகின்றன. ஆனால் ஊருணி முற்றிலும் வற்றினால் மீன்கள் மடிகின்றன. மறுபடி நீர் நிறையும்போது கொசு உடனே வந்து முட்டையிடும். மீன் வந்து சேர நாளாகும். அந்த இடைக்காலத்துக்காகவே, நீர் வந்தவுடன் மீன்குஞ்சு விட நிதி ஒதுக்கக் கேட்கிறோம். ஓரத்துப் பாசியையும் களைய வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. பங்குனி முடிவதற்குள், காய்ந்து கிடக்கும் அண்டா, தொட்டி, ஆட்டுக்கல் அனைத்தையும் தேங்காய் நாரால் உட்புறம் அழுத்தித் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. பூட்டிய வீடுகளின் பங்காளிகள் ஒரு சாவியைச் சங்கத்திடம் ஒப்படைத்து, வாரம் ஒருமுறை வீட்டார் குறிப்பிடும் ஒருவர் முன்னிலையில் முற்றத்தைப் பார்க்க இசைவு தர வேண்டும். இசைவுக் கடிதத்தின் படிகள் மேசையில் உள்ளன. வெளியூர்ப் பங்காளிகளுக்கு அனுப்ப வேண்டிய முகவரிகளை இன்றே எழுதித் தந்தால் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுவேன்.