முடியாத தொடர்களைப் பற்றித் தம்பிக்கு

தம்பி,

ஒருவழியாக முடிவெடுத்துவிட்டேன். பெர்செர்க் என்ற ஜப்பானிய மாங்காவை, அதாவது படக்கதைத் தொடரை, என் பரிந்துரைகளிலிருந்து எடுக்கப்போவதில்லை. எடுக்கச் சொல்லி நீ என்னிடம் கேட்ட பிறகும் சரி, முடியாத கதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன் என்று ஊரறியக் கட்டுரை எழுதிய பிறகும் சரி. எங்கே எழுதினாய் என்பதை இங்கே சொல்லவில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

முடிந்த தொடரை மட்டும்தான் விமர்சகர் கைகாட்ட வேண்டும் என்கிறாய். அந்த அளவுகோலை வைத்தால் என்னவெல்லாம் போகும் என்று யோசித்தாயா? ஆய் யாசாவா உடல்நலம் கெட்டு 2009-இல் நிறுத்திய 'நானா' என்ற தொடர் 21 தொகுதிகளோடு போகும். 2015-க்குப் பிறகு நகராத வாகபாண்ட் 37 தொகுதிகளோடு போகும். 1989-இல் ஒசாமு தெசுகா இறந்தபோது ஃபீனிக்ஸ் முடிந்திருக்கவில்லை. மாங்காவின் கடவுள் என்று ஜப்பானில் சொல்லப்படுகிறவரின் வாழ்நாள் வேலைக்கே உன் பட்டியலில் இடமில்லை.

'முடிந்தது' என்ற முத்திரையை நீ நம்புகிற அளவுக்கு நான் நம்புவதில்லை. வார இதழில் வருகிற தொடருக்கு வாரம் ஏறக்குறைய 19 பக்கம். வாசகர் வாக்கில் பின்தங்கினால் இரண்டு மூன்று தொகுதிக்குள் கடையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அப்படி மூடிய தொடரில் கடைசி நான்கைந்து அத்தியாயங்களைப் பார். பேனல்கள், அதாவது படக்கட்டங்கள், சிறுத்து வசனம் பெருத்திருக்கும். அறிமுகமாகி ஆளே சரியாகப் பதியாத வில்லன் ஒரே அத்தியாயத்தில் தோற்பான், பிறகு 'சில வருடங்கள் கழித்து' என்று ஒரு பக்கம். அதுவும் முடிந்த தொடர்தான். அதை ஒருவருக்குக் கொடுப்பாயா?

உனக்கு நினைவிருக்கும். பெர்செர்க்கைத் திறந்து போனை நீட்டி, "பாதி ஆள்தான் தெரியுது, இதுல என்ன பிரமாதம்?" என்று கேட்டாய். இரண்டு பக்கத்துக்கு விரிந்த போர்க்களம் அது. ஆப் அதை நடுவில் வெட்டி ஒவ்வொரு பாதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. திசையும் இடமிருந்து வலம் என்று இருந்ததால் பாதிகள் மாறிப்போய், வெட்டு விழுந்த பிறகு வாளை ஓங்கிக்கொண்டிருந்தார்கள். போனைப் படுக்கவைத்து, திசையை வலமிருந்து இடமாக்கி, இரட்டைப் பக்கத்தைப் போட்டேன். அப்போதும் பொருந்தவில்லை. காரணம் அட்டை. அட்டையைத் தனிப் பக்கமாக விடாவிட்டால் அதற்குப் பின்னால் எல்லா ஜோடியும் ஒரு பக்கம் தள்ளிப்போகும். அதையும் சரிசெய்ததும் படை முழுதாக விரிந்தது. நீ ஒன்றும் பேசவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி, கவசங்களின் இடுக்கில் அதை வரைந்த மியூரா போட்டிருந்த குறுக்குக் கோடுகளை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாய். சின்னத் திரையில் அந்தக் கோடுகள் ஒட்டிக்கொண்டு சாம்பல் பூச்சாகத்தான் தெரியும், புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்றேன். மறுநாளே முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு போனாய். அப்படிப் பார்க்கத் தெரிந்தவன் நீ. அதனால்தான் உன் கட்டுரை எனக்கு இவ்வளவு வலித்தது.

கென்டாரோ மியூரா 2021 மே 6 அன்று இறந்தார். செய்தி 20-ஆம் தேதிதான் வெளியே வந்தது. அவருக்கு வயது 54. 1989-இல் தொடங்கிய கதை. அந்த வாரம் உனக்குத் தேவைப்பட்டது கூட உட்கார ஓர் ஆள். நானோ தொகுதி எண்களைப் பேசிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். ஆனால் கதை முடியவில்லை என்பதை முதல் தொகுதியைக் கொடுக்கும்போதே சொன்னேன், நீயும் தலையாட்டினாய். உன் கட்டுரையில் அந்த வரி மட்டும் இல்லை. வீட்டு விஷயம் வேறு சிலதும் அதில் கலந்திருக்கிறது. அவற்றை இங்கே தொடமாட்டேன்.

முடியாத தொடரைக் கொடுக்கிறவர் அது எங்கே நிற்கிறது, அதற்கு முன்னால் எங்கே நிறுத்தலாம் என்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும். பெர்செர்க்கில் பொற்காலப் பகுதி 3-ஆம் தொகுதியில் தொடங்கி 14-இல் முடிகிறது. அதுவரை படித்துவிட்டு மூடிவைத்தால்கூட முழுச் சோகக் கதை ஒன்று கையில் இருக்கும். 12, 13-ஆம் தொகுதிகளில் உடல் சிதைப்பும் பாலியல் வன்முறையும் மிகக் கடுமையாக வருகின்றன. இதை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பதைத்தான் நான் ஏமாற்று என்பேன். 364-ஆம் அத்தியாயத்தோடு மியூராவின் கை நிற்கிறது; அது 41-ஆம் தொகுதியில் இருக்கிறது. கதை எப்படி முடியும் என்று மியூரா தன் நண்பர் கோஜி மோரியிடம் சொல்லியிருந்தார். மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்கள் இருக்கிற ஸ்டுடியோ காகா 2022 ஜூனிலிருந்து தொடர்கிறது. கோடுகளை உதவியாளர்கள் நன்றாகவே பிடித்திருக்கிறார்கள். பேச்சில்லாத பக்கங்களின் நிதானம்தான் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த 364-ஐத் தாண்டுவதா வேண்டாமா என்பதை வாசகர் தெரிந்தே முடிவு செய்யட்டும்.

போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற இணையப் படக்கதையான கொரிய வெப்டூன் பக்கம் போய்விட்டால் தொல்லையில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அங்கேயும் வாரம் தவறாமல் வண்ணத்தில் வரைகிற உடம்புதான் தம்பி. சோலோ லெவலிங் என்ற வெப்டூனை வரைந்த ஜாங் சுங்-ராக் 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவில் இறந்தார். சீசன் முடிந்து ஓய்வு என்று நின்ற தொடர்கள் திரும்பாமலே போவதும் உண்டு. வெப்டூன் கொடுப்பதென்றால் போனிலேயே படிக்கச் சொல். இரண்டு படங்களுக்கு நடுவே விட்ட வெற்றிடம்தான் அங்கே நேரம். ஆள் கீழே விழுகிற காட்சியில் கட்டைவிரல் எத்தனை தடவை தள்ளுகிறதோ அவ்வளவு உயரம். பெரிய கணினித் திரையில் அடுத்த படமும் சேர்ந்தே தெரிந்து, விழுவதற்கு முன்பே தரை வந்துவிடும். அச்சுப் புத்தகமாக்கும்போது பேனல்களைப் பக்கத்துக்குள் அடுக்கிவிடுவதால் அந்த இடைவெளி அநேகமாகச் செத்துப்போகும். உன் வெப்டூன் விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கதைச்சுருக்கம் எழுத நீ எதற்கு?

15-ஆம் தொகுதி முதல் உன் வரிசை அப்படியே என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். பதில் எழுதுவதானால் எனக்கே எழுது, அங்கே வேண்டாம்.

அண்ணன்