நாளும் நேரமும் குறித்துக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான், ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயத்தோடு போய் நிற்க யாருக்கு மனசு வரும்? கூச்சம் வேறு. சுவரில் 'உயிர்க்கொல்லி' என்று எழுதி வைத்தால் பயந்தவர் இன்னும் தள்ளித்தான் போவார்.

இங்கிலாந்தில் குடல் புற்றுநோய்க்கு மலப் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் மூன்று தடவை மாதிரி எடுக்க வேண்டும், 2019-இல் ஒரே தடவை போதும் என்று மாற்றியதும் மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆட்களைப் பரிசோதனைக்கு வரவைக்கும் மனோதத்துவம் என்று பெரிதாகச் சொன்னாலும் விஷயம் இவ்வளவுதான், அலைச்சலைக் குறைப்பது.

இங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார். அவரே, "வியாழன் காலை 10 மணிக்கு வாங்கக்கா, நர்ஸ் அம்மாதான் பார்ப்பாங்க, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்று சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தால் என்ன? கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவிப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும், முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

– ஒரு வாசகி, திருச்சி