மொன்றியால் மலையடியில் இருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன கிழமை அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவோ மலை?" என்று சிரித்தீர்கள். சிரிக்கலாம்தான். உயரம் 233 மீற்றர், அவ்வளவுதான். ஆனால் மொன்றியாலுக்குப் பெயர் வந்ததே இந்த மலையால்தான். 1535இல் ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இதில் ஏறி நின்று பார்த்து, 'மொன் றுவயால்', அதாவது அரச மலை என்று பெயர் வைத்தாராம். நகர மத்தியில் எவ்வளவு பெரிய கட்டடம் கட்டினாலும் மலையுச்சியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதியும் இருக்கிறது. வங்கிக்காரர் என்றாலும் மலைக்குக் கீழேதான்! எனக்கு இந்த ஊரில் பிடித்த சட்டம் அது.

இது அணைந்த எரிமலை என்று வேலையிடத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அது சரியில்லை. நிலத்துக்குள்ளேயே இறுகிப்போன தீக்குழம்பு இது. மேலே இருந்த மென்மையான பாறை காலப்போக்கில் கரைந்துபோக, இது மட்டும் மிஞ்சி நிற்கிறது.

மேலே போகும் பெரிய பாதை செங்குத்தாக இல்லை, வளைந்து வளைந்து போகும். நியூயோர்க் சென்றல் பார்க்கை வடிவமைத்த ஒல்ம்ஸ்ட்டட்தான் இந்தப் பூங்காவையும் வடிவமைத்தவர். 1876இல் திறந்தார்கள். பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. உச்சியில் 1924இல் நட்ட இரும்புச் சிலுவை, இரவில் வெளிச்சத்தோடு நிற்கும்.

அம்மாவுக்குப் பிடிக்கப் போவது மலையின் மற்றப் பக்கத்தில் இருக்கும் சூசையப்பர் கோயில். நடுவில் 99 மரப்படிகள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும். உள்ளே தூண்களுக்கு இடையில், சுகப்பட்டவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் நிரை நிரையாகத் தொங்குகின்றன. சிலதில் கைபிடிக்கும் இடம் தேய்ந்து மினுங்குகிறது. கீழே மெழுகுதிரி வெக்கை முகத்தில் அடிக்கும். எங்கட சனம் சைவமோ கிறிஸ்தவமோ என்று பாராமல் வந்து திரி கொளுத்துகிறார்கள். நானும் கொளுத்தினேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

விசா கிடைத்தால் யூனுக்கு முதல் வர வேண்டாம். ஏப்ரலிலும் மலைப்பாதையில் ஐஸ் கிடக்கும், சறுக்கும். அம்மாவின் முழங்காலை நினைத்து யோசிக்காதீர்கள், 11ஆம் இலக்க பஸ் மலைக்கு மேலேயே போகிறது. அப்புறம், உங்கள் சப்பாத்து அளவை அடுத்த முறை கதைக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

அன்பு மகன்