பிடித்துத்தான் வருகிறானா?

அன்பு மாதேஷ்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே புளி சீசன், மண்டியில் கணக்கு முடித்துக் கிளம்ப ராத்திரி ஆகிவிடுகிறது. அதனால்தான் தாமதம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். என் பெண் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். கான்ட்ராக்ட்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பட்டறைக்கு ஏஜென்ட் மூலமாக ஒடிசாப் பையன்களை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். "நான் யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லை. பிடித்திருந்தால் வருகிறான். இதில் சுரண்டல் எங்கே வந்தது?" என்றும் கேட்டிருக்கிறாய். நானும் யோசித்துப் பார்த்தேன்.

பழையபேட்டைப் பக்கம் நீ வந்தே வருஷக்கணக்கு ஆகியிருக்கும். எங்கள் குடோனுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள். ஓடு உடைத்து, நார் உருவி, கம்பியால் ஒரு தட்டு, கொட்டை தனியே தெறிக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்த முதுகு நிமிராமல் தட்டினாலும் ஒரு நாள் சட்டக்கூலி தேறாது. அதில் ஒரு அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் தேய்ந்து கறுத்து, ரேஷன் கடை மெஷினில் ரேகை விழ மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு மாதமும் அங்கே நின்று சண்டை போட்டுவிட்டு வருகிறார்.

அவர் தட்டிய புளி நேராகக் கோல்டு ஸ்டோரேஜுக்குப் போகிறது. நிறம் மாறாமல் மாதக்கணக்கில் கிடக்கும். விலை ஏறியதும் முதலாளி வெளியே எடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் வட்டி இருக்கிறது, வாடகை இருக்கிறது. ஒரு வருஷம் விலை சரிந்து கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் இந்த வருஷம் போனால் அவருக்கு அடுத்த வருஷம் இருக்கிறது. அந்த அம்மாவின் இன்றைய உழைப்பை எந்தக் குளிர் அறையில் வைப்பது? இன்று விற்காவிட்டால் இன்றோடு போச்சு. மாலையில் அரிசி வாங்கியாக வேண்டும் என்பது முதலாளிக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். கூலி பேசப்படுவது அந்த இடத்தில்தான். பெங்களூரா மாங்காய் போட்ட விவசாயிக்கும் இதே கதிதான். மரத்தில் முற்றிவிட்டால் கூழ் ஃபேக்டரி சொல்வதுதான் விலை. மூளை, உழைப்பு, அதிர்ஷ்டம் என்று பணத்துக்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். மண்டியில் உட்கார்ந்து பார்த்தவரையில், காத்திருக்க வசதியுள்ளவன் கைக்குத்தான் அது போய்ச் சேருகிறது.

நீ கேட்ட கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை நடந்தபோது, குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ஒன்பதே கால் ரூபாய். நடுவில் இருந்து ஆள் பிடித்துக் கொடுத்த ஜமேதார்கள் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு எட்டே கால்தான் கொடுத்தார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி தந்த தீர்ப்பில், சட்டக்கூலிக்குக் குறைவாக ஒருவரை வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார். சங்கிலியால் கட்டினால்தான் கட்டாயம் என்றில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்துவிட்டால் அதுவும் கட்டாயம்தான். நீ சொல்லும் "பிடித்திருந்தால் வருகிறான்" அங்கே நிற்கவில்லை, மாதேஷ்.

உன் ஏஜென்ட்டும் அந்த ஜமேதார் வேலையைத்தான் செய்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ நல்ல கூலியே கொடுக்கலாம். அது பையன் கைக்குப் போவதற்குள் எத்தனை கை மாறுகிறது? ஊரில் அவன் அப்பாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கூட்டி வந்திருந்தால் கதையே வேறு. 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் அட்வான்ஸ் என்ற பெயரில் இன்னும் நடக்கிறது. செங்கல் சூளைக்குப் போன நம் ஊர்க் குடும்பங்களை நீயும் பார்த்தவன்தானே.

என் பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே லைன், ஒரே மெஷின், பக்கத்தில் நிற்பவர் பர்மனென்ட். சம்பளத்தில் பாதிக்குப் பாதி வித்தியாசம். "கேளேன்" என்றேன். "பர்மனென்ட் ஆகும்வரை வாயைத் திறக்கக்கூடாதுப்பா" என்கிறாள். காத்திருப்பது அவள், லாபம் கம்பெனிக்கு. மண்டியில் நான் கண்டுபிடித்த கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. இதற்கு என்ன பதில் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

சரி, உன்னை ஆள் எடுக்காதே என்று சொல்லவில்லை. பட்டறை ஓடியாக வேண்டும். கூலியை அவரவர் பேங்க் கணக்கில் நீயே போடு, ஏஜென்ட் கையில் கொடுக்காதே. வரும் ரயில் செலவையும் நீயே ஏற்றுக்கொள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பற்றி உன் ஆடிட்டரிடம் கேள். அப்புறம், அந்த ஏஜென்ட் தலைக்கு எவ்வளவு பிடிக்கிறான், வீட்டுக்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருக்கிறானா என்று பையன்களிடமே தனியாக விசாரித்துவிட்டு எழுது. அவனிடம் கேட்காதே, உண்மை வராது.

அன்புடன்,
முனிராஜ்
கிருஷ்ணகிரி