காலைத் தூக்கி மடியில் வைத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நாங்கள் அமெரிக்காவிலிருந்து ஊர் வந்து சேர்ந்து இன்றோடு ஐந்து நாள். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். இவர் முற்றத்து வேம்படியில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். காலையில் பாதிப் பிட்டும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டார். "என்னைப் பற்றி நீட்டி முழக்காதே" என்று உத்தரவு, அதனால் அந்தக் கதைக்குப் போகவில்லை. எப்படியும் அது வைபரில் மூன்று விதமாகச் சுற்றி, மூன்றையும் நீங்கள் கேட்டாயிற்று.

நான் முப்பத்தொரு வருசம் புவியியல் படிப்பித்தவள். கொலராடோ ஆறு அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலத்தை 446 கிலோமீற்றர் நீளத்துக்கு அறுத்துக்கொண்டு போய்க் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கை ஆக்கிய கதையைச் சிவப்புச் சோக்கால் எத்தனை தரம் கரும்பலகையில் கீறியிருப்பேன்! அதுவும் ஒழுங்கான ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நின்றுகொண்டு. (மழைக்கு மட்டும் ஓடும் எங்கள் வழுக்கியாறு கோவிக்கக்கூடாது.) தைப்பொங்கல் முடிந்து வந்த நீண்ட வார இறுதியில் மகள் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். தெற்கு விளிம்பில் போய் நின்றால் காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் வளவில் கிணறு வெட்டினாலும் அதுதான். ஆனால் எங்களுடையது ஒன்றிரண்டு கோடி வயதே ஆன மயோசீன் காலத்துக் குழந்தை, அதற்கோ ஏறத்தாழ 27 கோடி வயது. ஒரு கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், ஆற்றங்கரையில் தெரியும் கறுத்தப் பாறைக்கு 170 கோடி என்கிறார்கள். அந்தப் பாறைக்குப் பெயர் விஷ்ணு! விஷ்ணு கோயில் என்று ஒரு சிகரமும் உண்டு, 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் வைத்த பெயர். அது இருக்கும் திசையைக் கேட்டு இவர் கும்பிட்டார். நான் சிரித்தேன். இனிச் சிரிக்கமாட்டேன்.

என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அந்த விளிம்போ கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம், தை மாதத்தில் பனி கொட்டும். அதைவிட, தெற்கு விளிம்பின் சுவர் வடக்குப் பார்த்தது. சூரியன் தெற்கே சரிந்திருக்கும் காலத்தில், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையின் மேற்பகுதிக்கு வெயில் எட்டாது, மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடக்கும். இதையெல்லாம் பரீட்சைக்குக் கேட்டிருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்பேன். தெரிந்துகொண்டே, யாழ்ப்பாணத்தில் வாங்கிய மழமழத்த அடிச் சப்பாத்தோடு பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினேன். இறங்க ஒரு மணித்தியாலம் என்றால் ஏற இரண்டு வேண்டும் என்று மருமகன் சொன்னதும் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் ஏறுவதற்கு இருப்பது பஸ் படிதானே.

சரி, நான் முதலில் நன்றி சொல்ல வேண்டிய அந்த அம்மாவுக்கு வருகிறேன்.

பாதையில் இவருக்கு முடியாமல் போய், காவலர்கள் இவரை மேலே கொண்டுபோகத் தொடங்கியதும் மகளும் மருமகனும் கூடவே போய்விட்டார்கள். நான்தான் போகச் சொன்னேன். பாறையைக் குடைந்த இரண்டாவது வாசலடியில் நானும் ஒன்பது வயதுப் பேரனும் நின்றோம். ஒரு அடி வைத்தால் முக்கால் அடி சறுக்கியது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. பேரன் அழவில்லை, அவன் அழாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போது மேலிருந்து இறங்கி வந்தார் அவர். என் வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுதடி, முதுகில் பை, காலை வெளிக்கிட்டவர்களின் உற்சாகம் முகத்தில். என்னைப் பார்த்தார், என் சப்பாத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே பனியில் குந்தி, தன் சப்பாத்தில் மாட்டியிருந்த இரும்புப் பல் வைத்த றப்பர் பட்டிகளைக் கழற்றினார். பிறகு என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

பிள்ளைகள் என் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். என் காலை ஒருவர் தூக்கி மடியில் வைத்தது, அம்மாவுக்குப் பிறகு இதுதான். கூச்சத்தில் இழுக்கப் பார்த்தேன், கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பட்டியை இழுத்து மாட்ட முடிந்தது. விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன. இரண்டு காலிலும் மாட்டிவிட்டு, பேரனை நடுவில் விட்டு, தான் வந்த வழியே திரும்பி எங்களோடு ஏறத் தொடங்கினார். இப்போது சறுக்கியது அவருக்கு. ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி, "ஸ்லோ, ஸ்லோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் எதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தாரோ, அது எங்களால் போயிற்று.

மேலே மகளைக் கண்டதும் நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை. பெயர் கேட்கவில்லை. பட்டிகள் என் காலிலேயே இருந்தன.

மற்றவர்களை ஒன்றாகக் கும்பிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம். இவரைச் சுமந்த பூங்காக் காவலர்கள். பிளாக்ஸ்டாஃப் ஆஸ்பத்திரியில் இரவிரவாக நின்ற தாதிமார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து நேரம் காலம் பாராமல் அழைத்த என் பழைய மாணவர்கள். எங்கள் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, மாலையில் வாசல் விளக்கையும் போட்ட பின்வளவு அக்கா. சந்நிதி முருகன் கோயிலில் எங்களுக்காக நேர்ந்த தங்கச்சி, அந்த அன்னதானத்தை வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம், எல்லோரும் வாருங்கள்.

பட்டிகள் இப்போது கலண்டர் ஆணியில் தொங்குகின்றன. மகள் அடுத்த தைக்கும் அங்கே போவாள். அவளிடம் கொடுத்துவிடப் போகிறேன். பாதை தொடங்கும் இடத்தில் என்னைப் போல ஒரு கெட்டிக்காரி வந்து நின்றால், அவள் காலில் மாட்டிவிடட்டும். அதற்கு முதல் இடது பட்டியில் ஒரு பல் ஆடுகிறது என்று நேற்று பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பனை ஏறவோ?"

இருநூறு ரூபாய் வாங்கினார். பல் இப்போது ஆடவில்லை.