அம்மா வாங்கும் அடியையும் பிள்ளை வாங்கும் அடியையும் சேர்த்து ஆய்வு செய்யக் கோரும் மனு

பெறுநர்: அரசுச் செயலாளர், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் நாலாம் வகுப்பில் ஒரு பையன், மழை இல்லாத நாளிலும் புத்தகங்களை பாலிதீன் கவரில் சுற்றித்தான் பைக்குள் வைப்பான். ஏன்டா என்று கேட்டேன். "அப்பா குடிச்சிட்டு வந்தா நானும் அம்மாவும் வெளியே ஓடிடுவோம் டீச்சர், பை ராத்திரி பூரா வாசல்ல கிடக்கும், பனியில நனைஞ்சிடும்" என்றான். முழங்கை வீங்கியிருந்தது. அம்மாவை அடிக்கும்போது குறுக்கே போயிருக்கிறான். அம்மாவுக்காக ஓரிடத்தில், இவனுக்காக வேறோரிடத்தில் என்று இரண்டு மனு எழுதினேன். நடந்தது ஒரே ராத்திரியில், ஒரே வீட்டில்.

நம் கணக்கெடுப்பும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அடிவாங்கினார்களா என்று அதில் கேட்கவில்லை. 16 வயதில் கட்டிக்கொடுத்து இன்னும் 18 ஆகாத பெண்ணோ அந்த 38.1-க்குள்ளேயே வரமாட்டாள், எங்கள் பக்கம் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் குழந்தையும்தான், மனைவியும்தான். குழந்தைகள் மீதான கொடுமை பற்றி மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் நடந்தது, அதில் தமிழ்நாடு இல்லை. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005 சட்டப்படி எழுதும் குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தில் பிள்ளைகளுக்கென்று உள்ள இடத்தில் பெயர், வயது, பாலினம், யாரோடு இருக்கிறார்கள் என்பதோடு சரி.

அதனால் கேட்கிறேன்: முதலில் ஒரு மாவட்டத்திலாவது பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் நலக் குழு இவற்றின் பதிவுகளைப் பெயர் நீக்கி ஒன்றாக வைத்துப் பாருங்கள், எத்தனை வீடுகள் இரண்டு பக்கமும் வருகின்றன என்று தெரியட்டும். அப்புறம், அம்மாவுக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு கிடைத்த வீட்டில் பிள்ளைக்கு விழும் அடி குறைகிறதா என்று ஓரிரு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அடிவாங்கும் அம்மாவே சில சமயம் பிள்ளையை அடிப்பதையும் கேட்கத்தான் வேண்டும், ஆனால் அவளைக் குற்றவாளி ஆக்காமல். பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்பே ஆலோசகர் தயாராக இருக்கட்டும், கேட்டுவிட்டு அதே வீட்டுக்கு அப்படியே அனுப்பிவிடக் கூடாது.

கேள்விகள் தயாரிக்கும்போது அங்கன்வாடி பணியாளர்களையும் எங்களையும் கூப்பிடுங்கள். சனிக்கிழமை என்றாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்