கட்டிப்போடும் முன் சர்க்கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படுக்க மாட்டார், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார், போர்வை நுனியைக் கசக்குவார், கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். இப்படி இருப்புக்கொள்ளாத நோயாளியை 'முரண்டு பிடிக்கிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதித் தூக்க ஊசி போடுவது எளிது. ஆனால் காய்ச்சலைப் போல இதுவும் ஓர் அறிகுறிதான்.

முதலில் விரல் நுனியில் ரத்தச் சர்க்கரை. 70-க்குக் கீழே போயிருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மற்றவை. அடுத்து ஆக்ஸிஜன், நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல். அடிவயிற்றையும் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டு, அதைச் சொல்லவும் முடியாத முதியவர் கைகாலைத்தான் உதறுவார். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பி, காலையில் தெளிந்து மாலையில் மீண்டும் பிதற்றினால் அது டெலிரியம். தொற்று, சோடியம் குறைவு, தலைக்காயம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று தேட வேண்டும்.

குடிப்பழக்கம் பற்றி வீட்டாரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தினமும் குடித்தவருக்கு, நிறுத்திய 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். கடும் பிதற்றல் பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். இவருக்கு லோராசிபாம் போன்ற, பதற்றம் தணிக்கும் மருந்து உயிர் காக்கும். மற்ற டெலிரியத்தில் அதே மருந்து குழப்பத்தைக் கூட்டிவிடக்கூடும்.

அதிகம் தவறவிடப்படுவது அகதீசியா, அதாவது மருந்தாலேயே வரும் இருப்புக்கொள்ளாமை. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலோ, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடோ தொடங்கிய அல்லது கூட்டிய சில நாட்களுக்குள், சில சமயம் சில மணி நேரத்திலேயே, 'கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேங்குது' என்பார். கால் மாற்றி மாற்றி நிற்பார். நோய் முற்றிவிட்டதென்று அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். மருத்துவர் அளவைக் குறைக்க வேண்டும். ஆஸ்துமா இல்லாதவருக்கு ப்ராப்ரனலால் உதவலாம்.

பேச்சு பாதி மருந்து. ஒருவர் மட்டும் பேசட்டும், இரண்டு கை நீளம் தள்ளி நின்று, வாசலை மறிக்காமல். சின்ன வாக்கியம்; பிறகு பதிலுக்குக் காத்திருப்பது. கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிட்டால் சிலர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

ஊசி தவிர்க்க முடியாதென்றால், தசையில் போடும் ஓலன்சபின் (இதுவும் மனநோய் மருந்து) ஊசியோடு லோராசிபாம் ஊசியைச் சேர்த்துப் போடக் கூடாது. ரத்த அழுத்தம் விழலாம், மூச்சு அடங்கலாம். பார்க்கின்சன் நோயாளிக்கு ஹாலோபெரிடால் ஆகாது. கட்டுவது கடைசி வழி. அப்போதும் குப்புறப் படுக்க வைத்து அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம். கட்டியபின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சையும் விரல்களின் நிறத்தையும் பாருங்கள்.

கேஸ் ஷீட்டில் 'முரண்டு' என்ற சொல்லுக்குப் பதிலாக, எப்போது தொடங்கியது, என்ன செய்கிறார், கடைசியாகக் கொடுத்த மருந்து எது என்று எழுதுங்கள். இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் அதிலிருந்து தேடத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
மனநலப் பிரிவுச் செவிலியர்கள்